ராஜபார்ட் தையற்காரர்

மரக்காணத்து உப்பளங்களில் தை மாதம் பாத்தி மிதித்துத் தொடங்குகிற வேலை புரட்டாசி வரையில் ஓயாது என்பதும், ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை இறங்கிய மாத்திரத்தில் பாத்திகளெல்லாம் நல்ல தண்ணீரால் நிரம்பி, உப்பு என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போய்விடும் என்பதும் அந்தக் கடற்கரையைக் கொஞ்சமேனும் அறிந்தவர்களுக்குத் தெரிந்த சங்கதி. அந்த மூன்று மாத காலத்தில், கூலிக்கு உப்பு வாருகிறவர்கள் வேறு பிழைப்பைத் தேடி அலைகிறார்கள். 2024-இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலிலேயே இடம்பிடித்துவிட்ட பக்கத்துக் கழுவேலியில் தேசாந்தரப் பறவைகள் வந்து இறங்குகின்றன. அளத்தில் மாதச் சம்பளத்துக்குக் கணக்கு எழுதுகிறவர்கள், பென்ஷன் வாங்கிக்கொண்டு திண்ணையில் அமர்ந்திருக்கிறவர்கள், பள்ளிக்கூடத்தில் ஓவியம் கற்பித்து ஓய்வு பெற்றவர்கள் ஆகிய கனவான்களில் ஒரு பிரிவினர் மட்டும் தையல் மிஷினுக்கு எண்ணெய் விட ஆரம்பிக்கிறார்கள். நான் சொல்லப்போவது இந்தக் கடைசிப் பிரிவினரைப் பற்றி. அவர்களில் எவரைப் பிடித்து நிறுத்தினாலும் லட்சணங்கள் ஒன்றாகவே இருக்குமாதலால், பெயர் எதற்கு என்று ‘நம்மவர்’ என்றே அழைத்து மேலே செல்கிறேன்.

முதலில் ஒரு பேதத்தைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். இந்தக் கரையோரக் கிராமங்களில் மிஷின் சத்தம் கேளாத தெரு அபூர்வம். சத்தியவாணி முத்து அம்மையார் பெயரால் அரசாங்கம் ஏழைப் பெண்களுக்குக் கொடுக்கிற விலையில்லா மிஷினை வாங்கிவந்து, ஜாக்கெட்டுக்கும் பாவாடைக்கும் அக்கம்பக்கத்தில் கூலி பேசித் தைக்கிறவர்கள் உண்டு. மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கத்தில் வெட்டிய துணியைப் பெற்றுவந்து, பள்ளிப் பிள்ளைகளுக்குச் சீருடையாக்கிக் கொடுத்து, உருப்படிக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொள்கிறவர்களும் உண்டு. அவர்களுடைய தையல் நூல் பிடித்தாற்போல் இருக்கும். கோணினால் கூலி கிடையாது. நம்மவருக்கு அந்த நிர்ப்பந்தம் இல்லை. அவர் ஆத்ம திருப்திக்காகத் தைக்கிறவர். ஆத்மாவுக்குத் திருப்தி உண்டாக நேர்கோடு அவசியமில்லை என்பது அவருடைய சித்தாந்தம்.

இவர்களில் எவரும் பிறவித் தையற்காரரல்லர். எல்லோருடைய பூர்வ கதையிலும் ஒரு தீபாவளி இருக்கிறது. பண்டிகைக்கு எட்டு நாள் இருக்கும்போது சாவதானமாகத் துணியைக் கொண்டுபோய்க் கொடுத்து, முதல்நாள் இரவு கடைவாசலில் நின்று, “காஜாதான் சார் பாக்கி, விடிஞ்சதும் வந்துடுங்க” என்ற பதிலைப் பெற்று, விடியற்காலையில் கங்கா ஸ்நானம் முடித்துப் பழைய சட்டையிலேயே மஞ்சளைத் தடவி மாட்டிக்கொள்ளும்படி நேர்ந்த தீபாவளி அது. துச்சாதனன் ரத்தத்தைப் பூசும் வரையில் கூந்தலை முடியேன் என்று சபையில் நின்று கூறிய பாஞ்சாலிக்குப் பிறகு, அத்தனை உக்கிரமாகச் சபதம் செய்தவர்கள் இவர்கள்தாம். என் உடம்பில் ஏறுகிற வஸ்திரத்தை இனி என் கையாலேயே தைப்பேன்! பாஞ்சாலியின் சபதமாவது குருக்ஷேத்திரத்தோடு தீர்ந்துபோயிற்று. இவர்களுடைய சபதத்துக்கு ஆண்டுதோறும் புதிது புதிதாகத் துணி எடுக்கப்படுகிறது.

மிஷினுக்கு நம்மவர் எங்கும் போகவேண்டியதில்லை. சகதர்மிணியின் பிறந்தகத்துச் சீராக வந்தது கூடத்து மூலையில், மேலே பூவேலை செய்த உறையோடு நிற்கிறது. அந்த அம்மாள் கல்யாணத்துக்கு முன்பே முறையாகத் தையல் பயின்று, அரசாங்கத்து டெக்னிகல் பரீட்சையில் தேறி, சர்ட்டிபிகேட்டைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வைத்திருப்பவர். இந்த விஷயம் நம்மவருக்குத் தெரியாததல்ல. சட்டத்தின் மேல் படிகிற தூசியைத் துடைப்பவரே அவர்தாம். ஆனாலும், “நீ கத்துக்கிட்டது ஜாக்கெட்டு. சட்டை வேற சாஸ்திரம்” என்று ஒரு வாக்கியத்தில் அந்தப் படிப்பை ஒதுக்கிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார். அந்த அம்மாளும் மறுபேச்சில்லாமல் அடுக்களைக்குப் போய்விடுவார். அந்த மௌனத்தில் எவ்வளவு ஞானம் அடங்கியிருக்கிறது என்பது நம்மவருக்கு இதுகாறும் விளங்கவில்லை.

மிஷினுக்கும் இந்த ஊருக்கும் ஜன்மப் பகை. ஒன்பது மாதம் அடித்த உப்பங்காற்று அதன் சந்துபொந்துகளிலெல்லாம் குடியேறியிருக்கும். ஐப்பசி ஈரம் வந்து சேர்ந்ததும், கைச்சக்கரத்தைச் சுற்றினால் மாட்டுவண்டியின் அச்சு முனகுகிற ஓசை எழும். நம்மவர் எண்ணெய்க் குப்பியின் மூக்கை ஒவ்வொரு துவாரத்திலும் வைத்து அபிஷேகம் செய்வார். பாபின் கூட்டைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைப்பார். எல்லாம் சரி, ஊசியை மட்டும் மாற்றமாட்டார். சென்ற மார்கழியில் மாட்டியது நன்றாகத்தானே இருக்கிறது என்பார். ஆகவே அவர் புதிதாகத் தைக்கிற வெள்ளைத் துணியின் முதல் முழ நீளத்துக்கு, ஊசி இறங்கிய இடந்தோறும் கடுகளவு பழுப்புப் பொட்டு வரிசையாக விழுந்திருக்கும். துருவெல்லாம் துணியில் துடைபட்டுப் போன பிறகு, பொட்டுகள் வெளிறி வெளிறி மறையும். அவருடைய கைவேலையை மற்றவர்களுடையதிலிருந்து பிரித்தறிய வேறு முத்திரை வேண்டியதில்லை.

அளவு விஷயத்தில் அவருடைய சுபாவம் ஆராய்ச்சிக்குரியது. அளத்திலே அவர் மகா கறார்ப் பேர்வழி. கடல் நீர் வந்து சேரும்போது, உப்புநீரின் செறிவை அளக்கிற போமே மானியில் மூன்று பாகைதான் காட்டும் என்பதும், வெயிலில் பாத்தி பாத்தியாக ஏறி இருபத்தைந்து பாகையைத் தொட்டால்தான் உப்புப் பூக்கத் தொடங்கும் என்பதும், இருபத்தொன்பது பாகையைத் தாண்டவிட்டால் கசப்பு சேர்ந்துவிடுமென்பதும் அவருக்கு மனப்பாடம். இரண்டு பாகை குறையும்போது பலகையைப் பாத்தியில் இறக்கிய ஆளை வரப்பிலே நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்பார். அதே மனிதர் துணிக்கு முன்னால் உட்கார்ந்ததும் வேதாந்தியாகிவிடுகிறார். இஞ்சு டேப் கழுத்தில் மாலையாகத் தொங்கும், அது அலங்காரத்துக்கு. மார்பளவைப் பழைய சட்டையைப் பார்த்து மதிப்பிடுவார். கையின் நீளத்தைத் தம் கையை நீட்டிப் பார்த்துத் தீர்மானிப்பார். வெட்டுவதற்கு முன் துணியைத் தண்ணீரில் நனைத்து உலர்த்த வேண்டும் என்று அந்த அம்மாள் சமையலறையிலிருந்து சொன்னால், “சுருங்கத்தான் ரெண்டு இஞ்சு சேர்த்து விட்டிருக்கேனே” என்பார். முதல் சலவையில் துணி சுருங்கும். ஆனால் அவர் விட்டிருந்தது அகலத்தில், அது சுருங்குவதோ நீளத்தில்.

துணி எடுப்பதற்கென்று அவர் புதுச்சேரிக்குப் போவது ஒரு யாத்திரை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் முப்பத்தைந்து கிலோமீட்டர் பஸ்ஸில் போய், காந்தி வீதிக் கடையொன்றில் ஏறி, ஒரு சட்டைக்கு இரண்டரை மீட்டர் போதுமென்று கடைப்பையன் சொல்லியும் மூன்றரை மீட்டர் கிழிக்கச் செய்து, அவன் கிழித்து மடிக்கிற அவகாசத்தில், இந்தப் புதுச்சேரியிலிருந்து கினி என்ற நீலத்துணி ஒரு காலத்தில் கப்பலேறி ஆப்பிரிக்காவில் செனகல் வரையில் போய் விலையான சரித்திரத்தையும் எடுத்துரைப்பார். சரித்திரம் மெய்யானது. பையன்தான் கேட்பதில்லை.

நூலறிவுக்கு நம்மவரிடம் குறைவு சொல்ல முடியாது. தையல் மிஷினைப் பற்றி ஒரு பிரசங்கமே செய்வார். இயந்திரங்களையெல்லாம் வெறுப்பவர் என்று பெயர் வாங்கிய காந்தியடிகள், 1924-இல் ஒரு சம்பாஷணையின்போது சிங்கர் தையல் மிஷினுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார். மனைவி ஊசியும் கையுமாகப் படும் சிரமத்தைக் கண்டு இரங்கிய அன்பின் காரியம் அது என்று கருதினார். இதை நம்மவர் உருக்கமாகச் சொல்லி நிறுத்திய சமயத்தில், காப்பித் தம்ளரை வைக்க வந்த அம்மாள், “சரிங்க, அந்த அன்புல கொஞ்சம் எழுந்திருச்சீங்கன்னா பேத்தி பாவாடைக்கு ஓரம் அடிச்சிடுவேன்” என்று சொன்னதாக அயலார் சொல்லிக்கொள்கிறார்கள். நம்மவர் எழுந்திருக்கவில்லை. பிரசங்கம் பிரான்சு தேசத்துக்குப் போய்விட்டது. அங்கே திமோனியே என்ற தையற்காரர் 1830-இல் தம்முடைய மிஷினுக்கு உரிமை பெற்றார்; பிழைப்புப் போய்விடும் என்று அஞ்சிய பாரிஸ் தையற்காரர்கள் கூட்டமாகப் பட்டறையில் புகுந்து மிஷின்களை உடைத்து நொறுக்கினார்கள்.

கடைத்தெருவிலுள்ள டெய்லர் பாய்க்கு அத்தகைய அச்சம் சிறிதும் இல்லை. நம்மவர் சொந்தமாகத் தைக்க ஆரம்பித்த நாள்முதல் பாய்க்கு வருமானம் கூடியிருக்கிறது. முன்பெல்லாம் ஒரு சட்டைக்குத் தையற்கூலி மட்டுமே. இப்போது பிரிப்பதற்கு ஒரு கூலி, மறுபடி வெட்டுவதற்கு ஒரு கூலி, தைப்பதற்கு ஒரு கூலி. நம்மவர் சட்டையை ரிப்பேருக்கு என்று கொண்டுபோவதில்லை. ‘ஒரு அபிப்பிராயம்’ கேட்கத்தான் போவார்.

“எப்படி இருக்குது பாய்?”

பாய் சட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, உள்புறம் திருப்பிப் பார்த்து, மறுபடி வெளிப்புறம் திருப்பி, மரியாதை குன்றாமல் சொல்வார்: “நல்லா இருக்குது சார். போட்டுக்கிட்டு கையை மட்டும் தூக்காதீங்க.”

விஷயம் என்னவென்றால், சட்டைக் கையின் மேல்வளைவில் முன்பக்கம் சற்று அதிகமாகக் குடைந்தும் பின்பக்கம் தளர விட்டும் வெட்ட வேண்டும். மனிதன் கையை முன்னால் நீட்டிக் காரியம் செய்கிற பிராணி. நம்மவர் அந்தக் குடைவைச் சரியாகவே வெட்டியிருந்தார். வெட்டிய இரண்டையும் மேஜைமேல் போட்டுவிட்டு காப்பி குடித்துத் திரும்பிய பிறகு, வலக் கையை இடப்பக்கத்திலும் இடக் கையை வலப்பக்கத்திலும் வைத்து அடித்துவிட்டார். அதன் பலனாக, அந்தச் சட்டையை அணிந்தவர் பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடிக்க முயன்றால் சட்டை முழுவதும் கூடவே எழும்பி வயிற்றைக் காட்டும். கும்பிடலாம், அதுவும் தாழ்வாக. நம்மவர் அதைப் பிரிக்க ஒப்பவில்லை. மூன்று மாதம் அதை அணிந்து, பஸ்ஸில் உட்கார இடமில்லாவிட்டால் அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருந்தார். ‘எங்கே வாங்கினீர்கள்?’ என்று யாராவது கேட்கமாட்டார்களா, ‘நானே தைத்தது’ என்று சொல்லமாட்டோமா என்பது ஒன்றே அவர் வாழ்க்கையின் தாகம். கேட்டவர்கள் உண்டு, கேட்ட தொனிதான் வேறு.

சிக்கனத்தைப் பற்றி அவர் போடும் கணக்கும் தனி ரகம். தையற்கூலி மிச்சம் என்பதை வரவில் எழுதுவார். பஸ் சார்ஜ் கோயிலுக்குப் போன கணக்கில் சேரும். நூலும் கேன்வாஸும் பொத்தானும் வீட்டுச் செலவில் சேரும். மெக்கானிக்குக் கொடுத்தது மிஷினுடைய சொந்தக்காரியான மனைவியின் கணக்கில் சேரும். வருஷக் கடைசியில் பார்த்தால் கணிசமான லாபம். உப்பு வியாபாரத்தில் இந்த மாதிரி ஒரு ஆண்டு வாய்த்திருந்தால் அளத்து முதலாளிகள் எல்லோரும் குபேரர்களாகியிருப்பார்கள்.

ஆனால் நம்மவரைச் சட்டையோடு நிறுத்திப் பார்ப்பது அநீதி. அவருடைய உண்மையான மகிமை வேஷ உடுப்பில்தான் வெளிப்படுகிறது. ஆரம்பம் பேரனுடைய பள்ளிக்கூடத்து மாறுவேடப் போட்டி. முதல் வருஷம் காந்தி. 1921 செப்டம்பரில் மதுரையில் சட்டையைத் துறந்து அரையாடைக்கு மாறிய மகானின் வேஷமாதலால், அதில் தவறு செய்ய இடமே இல்லை. ஓரம் மடித்தது ஒன்றுதான் வேலை, பரிசும் கிடைத்தது. அந்த உற்சாகத்தில் மறு வருஷம் பாரதியார். கறுப்புக் கோட்டைத் தைத்து முடித்துப் பார்க்கையில், அது பாரதியாருக்கும் தாராளம், பாரதியாரோடு செல்லம்மாளும் உள்ளே நிற்கலாம் என்று தோன்றியது. பையன் அதற்குள்ளிருந்து கர்ஜித்தான். குரல் வந்தது, ஆளைக் காணோம். மூன்றாம் வருஷம் கட்டபொம்மன். 1959-இல் சிவாஜி கணேசன் நடித்த படம் வந்தபின் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் வேறுமாதிரிக் கட்டபொம்மனுக்கு இடமில்லாது போயிற்று. அந்தப் படத்தைப் பலமுறை பார்த்து, திரைச்சீலைத் துணியில் அங்கியும், கிழிந்த பட்டுப் புடவையின் ஜரிகையில் பட்டியும், சாக்கு வைத்து உறுதி செய்த தோளுமாக அவர் தைத்த உடுப்பைக் கண்டு ஆசிரியைகள் கூடி வியந்தார்கள். யாரோ அதைக் கூத்து வாத்தியாரின் காதில் போட்டார்கள்.

விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கங்களில் திரௌபதை அம்மன் கோயில் இல்லாத வட்டாரம் இல்லை. பங்குனியிலிருந்து ஆடி வரையில் பாரதம் படிப்பதும், இரவெல்லாம் தெருக்கூத்து ஆடுவதும், முடிவில் துரியோதனனை மண்ணால் பெரிதாகச் செய்து கிடத்திப் படுகளம் நடத்தித் தீ மிதிப்பதும் அந்தச் சீமையின் ஆண்டு வாழ்க்கையில் ஒரு பாகம். கிரீடமும் புஜக்கட்டையும் மார்புப் பதக்கமும் கனமில்லாத மரத்தில் செதுக்கிக் கண்ணாடிச் சில்லும் மினுக்குத் தாளும் ஒட்டியவை. அவை வாத்தியார்களிடம் தலைமுறை தலைமுறையாக இருக்கும். அடிக்கடி நைந்துபோவது துணி உடுப்புத்தான். வியர்வையும் அரிதாரமும் புழுதியும் தின்றுவிட்ட சட்டை பாவாடைகளைப் புதுப்பித்துத் தரும்படி வாத்தியார் வந்து கேட்டபோது, நம்மவர் இரண்டு நாள் தூங்கவில்லை என்கிறார்கள். மழைக்காலம் முழுவதும் மிஷின் ஓடிற்று. சித்திரையில் உடுப்பு அரங்கேறிற்று.

அன்று ஓர் அதிசயம் நடந்தது. மனிதச் சட்டையில் குற்றங்களாக இருந்தவை எல்லாம் ராஜாவின் சட்டையில் குணங்களாகிவிட்டன. உடம்பு பெரிதாக வெட்டப்பட்டிருந்தது. துரியோதனன் உள்ளே இரண்டு பனியன்களும் ஒரு துண்டும் அணிந்திருந்தான். கைகள் இடம் மாறியிருந்தன. அதற்கு மேல் புஜக்கட்டை உட்கார்ந்து மறைத்தது, ராஜா கையை விரித்து ஆடுகிறவனே தவிர பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கிறவன் அல்லன். காலர் ஒருபக்கம் சாய்ந்திருந்ததை மார்புப் பதக்கம் பார்த்துக்கொண்டது. காஜா எடுப்பதில் நம்மவருக்கு என்றும் பயம். கூத்து உடுப்பிலோ பொத்தானே கிடையாது, ஆள் மாறினாலும் இழுத்துக் கட்டிக்கொள்ள நாடாதான். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, தம் தையலிலேயே நம்பிக்கையில்லாமல் ஒவ்வொரு மூட்டையும் மூன்று தரம் அடிக்கிற அவருடைய வழக்கம், சட்டையில் தோலை அறுப்பது, இங்கே வீரர்கள் சுழன்று சுழன்று ஆடியும் ஓர் இழை விடாமல் விடியும் வரையில் காத்து நின்றது. துகிலுரிதலன்று சேலைகளை ஒன்றோடொன்று மூட்டிக் கொடுத்தவரும் அவர்தாம். துச்சாதனன் தன் பலம்கொண்டமட்டும் இழுத்தும் மூட்டு விடவில்லை. கிருஷ்ண பரமாத்மாவின் அனுக்கிரகம் அன்று இருபதாம் நம்பர் நூலின் உருவில் வந்தது.

நடுச்சாமத்தில் கட்டியங்காரன் சும்மா இருப்பானா? “மகாராஜா, இந்தச் சட்டை எங்க தெச்சது?” என்று கேட்டான். தேவலோகத்து மயன் தைத்தது என்று மகாராஜா மீசையை முறுக்கினார். “மயனா? ஊசி போன எடமெல்லாம் துரு இருக்குதே, நம்ம அளத்துக் கணக்குப்புள்ள தெச்ச மாதிரி தெரியுதே!” என்றான். சபை சிரித்து ஓய வெகு நேரமாயிற்று. முதல் வரிசைப் பாயில் உட்கார்ந்திருந்த நம்மவர் எழுந்து நின்று நாலு பக்கமும் கும்பிட்டார். கேட்க வேண்டிய கேள்வியை ஊர் முன்னிலையில் ஒருவன் கேட்டுவிட்டான். கேட்டவன் விதூஷகன் என்பது அவருக்கு ஒரு பொருட்டில்லை. அந்த அம்மாளும் பெண்கள் பக்கத்திலிருந்து சிரித்தார். தம்முடைய சர்ட்டிபிகேட்டுக்கு இப்படி ஒரு பங்காளி வந்து சேர்ந்ததில் அவருக்கும் பெருமைதான் என்று நினைக்கிறேன்.

தெற்கே இன்னோர் உப்புச் சீமை இருக்கிறது. தூத்துக்குடி மாவட்டத்துக் குலசேகரன்பட்டினத்தில் முத்தாரம்மன் தசராவுக்கு விரதமிருந்து காளியாகவும் ராஜாவாகவும் குறவன் குறத்தியாகவும் வேஷம் கட்டுகிறவர்களின் திரளைப் பார்த்தால், நம்மவருக்கு அங்கே எத்தனை உறவினர்கள் என்பது தெரியும். வேண்டுதல் வேஷமாதலால் அளவு சரியில்லை என்று அங்கே யாரும் குறை சொல்வதில்லை. நம்மவருக்கும் அடுத்த புரட்டாசியில் ஒரு தரம் போய்வர ஆசை. மழைக்கு முன் அளத்தில் கடைசி உப்பை வாரி அம்பாரம் போட்டு மூடுகிற அவசரம் அப்போதுதான் என்பதனால் முதலாளி விடுப்புக் கொடுக்கிறதாயில்லை.

என் தீர்ப்பைக் கேட்டால், இந்த மனிதரை ராஜாக்களுக்கும் அசுரர்களுக்கும் தேவர்களுக்கும் தைக்க விட்டுவிடலாம். மனிதர்களுக்குத் தைப்பதை மட்டும் ஊர்கூடி மறிக்க வேண்டும். மரக்காணம் பக்கம் உங்களுக்கு உறவு இருந்து, கழுத்தில் டேப்போடு ஒருவர் வந்து அளவெடுக்க நின்றால், கிரீடத்துக்கா சட்டைக்கா என்று முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். கிரீடத்தோடு வருகிற உடுப்பானால் தைரியமாக நில்லுங்கள். உங்கள் பண்டிகைத் துணியை மாத்திரம் புரட்டாசி பாதியிலேயே பாயிடம் கொடுத்து ரசீது வாங்கிவிடுங்கள். ஐப்பசி பிறந்தபின் பாய் துணி வாங்கமாட்டார், நம்மவரும் உங்களை விடமாட்டார்.